என் பேர்ல ஒரு ரூபா கிடையாது

சார், அந்தப் பைய மட்டும் கொஞ்சம் மடியில எடுத்து வெச்சுக்கிட்டீங்கன்னா நானும் உக்காந்துக்குவேன். வெயில் இந்தப் பக்கம்தான் அடிக்கும். பரவால்ல, எனக்குப் பழக்கம்தான். பொள்ளாச்சி வரைக்குமா? நல்லதாப் போச்சு. நானும் பொள்ளாச்சிக்கு ரெண்டு ஸ்டாப்பு முன்னால எறங்கணும். அங்கன ஒரு காலேஜ் இருக்கு, அதோட ஹாஸ்டல்ல என் சம்சாரம் சமையல் வேலை பாக்குறா. கூட்டியாரத்தான் போறேன்.

போறதுக்கு மட்டும்தான் சார் டிக்கெட் எடுத்தேன். எம்பது ரூபா. மிச்சம் பையில எட்டு ரூபா கெடக்கு. திரும்பி வர்றப்ப ரெண்டு பேருக்கும் அவ எடுத்துருவா. கூட்டியாரப் போற எடத்துல பொண்டாட்டி டிக்கெட் எடுக்கறதான்னு கேக்காதீங்க. குடும்பம்னா அப்படித்தான், யார் கையில இருக்கோ அவங்க எடுக்கறது.

எனக்கு ஒட்டன்சத்திரம். பேரு நாச்சிமுத்து. மார்க்கெட்டுல வந்து கேட்டுப் பாருங்க, குட்டியானை நாச்சிமுத்துன்னா தெரியாதவன் கெடையாது. தக்காளி, முருங்கை, கத்திரின்னு பதிமூணு வருசம் குட்டியானை வண்டியில லோடு அடிச்சிருக்கேன். ஒரு கூடை நசுங்கினதில்ல. கோயில்ல கேட்டுப் பாருங்க. எங்க மாரியம்மன் கோயில் மண்டபத்துல சாமிக்கு நேரா ஒரு ஃபேன் சுத்துது பாருங்க, அந்த எறக்கையில எழுதியிருக்கும், உபயம் மு. நாச்சிமுத்துன்னு. மூணு எறக்கையிலயும் எழுதியிருக்கு. சுத்துறப்பப் படிக்க முடியாது, கரண்டு போனாப் படிக்கலாம்.

இப்ப நான் சொல்றத நீங்க நம்பணும். என் பேர்ல ஒரு ரூபா கடன் கெடையாது சார். நானாச் சொல்லல. கம்ப்யூட்டர்ல பாத்துச் சொன்னாய்ங்க.

எங்கன்னா, ஒரு பேங்குக்கு மாடியில ஒரு ஆபீசு இருக்கு. கடன் ஆலோசனை இலவசம்னு போர்டு மாட்டியிருப்பாய்ங்க. கடன் குடுக்கற எடம் இல்ல. வாங்கின கடன எப்படிக் கட்டுறதுன்னு சொல்லிக் குடுக்கற எடமாம். இதுக்கெல்லாம் ஒரு ஆபீசு போட்டு, ஃபேன் போட்டு, சம்பளம் குடுத்து ஒரு மேடத்த உக்கார வெச்சிருக்காய்ங்க. ரெஜினான்னு பேரு. எம்மக வயசுதான் இருக்கும். அந்தம்மாதான் என் குடும்பத்தப் பிரிச்சது. அந்தம்மா கெட்டவங்கன்னு நான் சொல்ல மாட்டேன். டீ வாங்கிக் குடுத்தாங்க. ஆனாப் பிரிச்சது அவங்கதான்.

ஏன் போனீங்கன்னு கேப்பீங்க. சொல்றேன், பஸ்ஸு பழனி போறதுக்கே நேரமிருக்கு.

குழுக் கடன் தெரியும்ல சார் உங்களுக்கு? பத்துப் பொம்பளைங்க சேந்து ஒரு குழு. ஒருத்திக்கு ஒருத்தி பொறுப்பு. வாராவாரம் ஒரு வீட்டு வாசல்ல கூடி உக்காருவாங்க, கம்பெனிக்காரன் பைக்குல வந்து வசூல் பண்ணிட்டுப் போவான். ஆம்பளைக்குக் குடுக்க மாட்டாய்ங்க. ஆம்பளை ஓடிருவானாம், பொம்பளை ஓட மாட்டாளாம். கடன் குடுக்கறதுக்கு முன்னால வீட்டுக்கு வந்து புருசன் இருக்கானான்னு பாப்பாய்ங்க. நான் போயி வாசல்ல நிப்பேன். போட்டோ எடுப்பாய்ங்க. என் வேலை அதோட முடிஞ்சுது. மத்தபடி விண்ணப்பப் பாரம், கையெழுத்து, போட்டோ, எல்லாம் தெய்வானைதான். தெய்வானைங்கறது என் சம்சாரம்.

மொதல்ல ஒண்ணுதான் இருந்துச்சு. திங்கக்கெழமைக் குழு. அது வண்டிக்கு முன்பணம் கட்டுறதுக்கு வாங்கினது. வண்டியவும் அவ பேர்லதான் எடுத்தோம், பொம்பளைங்க பேர்ல எடுத்தா வட்டி கொறையும்னாய்ங்க. அப்புறம் மக கல்யாணம். அதுக்கு வியாழக்கெழமைக் குழு. அப்புறம் கியர் பாக்ஸ் போச்சு, அதுக்கு மாசக் குழு ஒண்ணு. ஒரு வருசம் தக்காளி கிலோ மூணு ரூபாய்க்குப் போச்சு பாருங்க, ரோட்டுல கொட்டுனாங்களே, அப்ப லோடே இல்ல. அப்ப அவ கழுத்துல கெடந்த தாலிக்கொடிய அடகு வெச்சோம். மஞ்சக் கயித்துல தாலியக் கோத்துக் கட்டிக்கிட்டா. ஒரு வார்த்தை சொல்லல. அந்த மாதிரிப் பொம்பளை சார் அவ. அப்புறம் கோயில் கும்பாபிசேகம் வந்துச்சு. மார்க்கெட்டுல எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு செய்யறப்ப நான் மட்டும் கைய ஆட்டிக்கிட்டு நிக்க முடியுமா? அந்த ஃபேன் மூவாயிரத்து எரநூறு. அன்னதானத்துக்குப் பத்தாயிரம்.

எல்லாஞ் சேத்தி நாலு லச்சத்துச் சொச்சம். ஆனா ஒரு டியூ, ஒரே ஒரு டியூ தவறினதில்ல. எப்படின்னு கேளுங்க. அங்கதான் இருக்கு வேலை. திங்கக்கெழமைக்குக் கொறைஞ்சா வியாழக்கெழமையில ஒரு சின்னக் கடன் எடுக்கறது. வியாழக்கெழமைக்குக் கொறைஞ்சா மாசக் குழுவுல ஒரு டாப்பப்பு. எங்க தெருவுல நாலு பேரு என்கிட்ட வந்து யோசனை கேட்டுட்டுப் போவாய்ங்க, நாச்சிமுத்தண்ணே, இந்த வாரம் எப்படித் திருப்பறதுன்னு. நான் ஒரு சிகரெட்டு அட்டையில எழுதிக் குடுப்பேன். கடன் ஆலோசனைக்கு நான்தான் சார் போர்டு மாட்டியிருக்கணும்.

ஒரு வியாழக்கெழமை மட்டும் சறுக்கிருச்சு. எழுநூத்தி நாப்பது ரூபா டியூ, அவ கையில நூத்தி நாப்பதுதான் இருந்துச்சு. அன்னைக்கு லோடுக் காசு வரல. அவ போயி வாசல்ல உக்காந்துட்டா. ஒருத்தி கட்டலைன்னா மத்த ஒம்பது பேரும் எந்திரிச்சுப் போகக் கூடாது, அதுதான் சட்டம். கைக்கொழந்தைக்காரி ஒருத்தி, மில்லுக்குப் போறவ ஒருத்தி, எல்லாம் உக்காந்திருக்காளுங்க. பத்து மணிக்கு உக்காந்தவங்க மத்தியானம் ரெண்டரை வரைக்கும். ஏண்டி, நீ பண்ற கூத்துக்கு நாங்க ஏண்டி பட்டினி கெடக்கணும்னு ஒருத்தி சத்தம் போட்டா. தெய்வானை தலையக் குனிஞ்சு தரையப் பாத்துக்கிட்டே இருந்தா.

எனக்கு எப்படித் தெரியும்னா, நான் எதுத்தாப்புல டீக்கடையில இருந்தேன். போயிருக்கலாம்ல, கேக்குறீங்க. அது பொம்பளைங்க கூட்டம் சார். அங்க ஒரு ஆம்பளை போயி என்னன்னு நிக்கறது? எனக்கு எம்புட்டு அசிங்கமா இருந்துச்சு தெரியுமா? ஒவ்வொரு டீயாக் குடிச்சு நாலு டீ குடிச்சேன். கடைசியில அந்தக் கைக்கொழந்தைக்காரிதான் எரநூறு போட்டா, மத்தவங்க அம்பது அம்பதாப் போட்டு அனுப்பிவிட்டாங்க.

வீட்டுக்கு வந்து அவ சோறாக்கினா. எனக்குப் போட்டா. ரசத்த ஊத்திக்கிட்டே சொல்றா, நீங்க டீக்கடையில இருந்தீங்க, பாத்தேன்னு. அம்புட்டுத்தான். அதுக்கு மேல அதப்பத்தி ஒரு நாளும் பேசல. ஏசியிருந்தாத் தேவலாம் சார். எனக்கு அந்த ரசம் எறங்கல.

அடுத்த வாரம் பேங்குக்கு நகை வட்டி கட்டப் போனவ அந்த போர்டப் பாத்துட்டு வந்தா. ஏங்க, இலவசம்னு போட்டிருக்கு, போயிக் கேக்கலாமான்னா. குடும்ப விசயத்துக்குப் பொம்பளை போறதா, நானே போறேன்னு நான்தான் மொதல்ல போனேன். கார்டு வேணும்னாங்கன்னு டப்பாவத் தொறந்து என் ஆதார் கார்ட எடுத்துக் குடுத்து விட்டா. வந்ததும் வாங்கி வெச்சுக்கிட்டா. எல்லாம் எடுத்து வெக்கறது அவதான், எனக்கு என்ன எங்க இருக்குன்னு தெரியாது.

ரெஜினா மேடம் கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்தாங்க. ரெண்டு தடவை பாத்தாங்க. அப்புறம் மூக்குக் கண்ணாடியக் கழட்டிட்டுச் சொல்றாங்க, சார், உங்க பேர்ல ஒரு ரூபா கடன் கூட இல்லையேன்னு. எனக்கு எப்படி இருந்துச்சு! மனுசன் அலைஞ்சு திரிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போறப்ப, உனக்கு ஒண்ணுமில்லடா போன்னு டாக்டர் சொன்னா எப்படி இருக்கும், அப்படி. கீழ எறங்கி வந்து ரெண்டு பேருகிட்டச் சொன்னேன். மார்க்கெட்டுல பூராவும் சொன்னேன்.

ஆனா அந்தம்மா விடல. அப்ப கட்டுறது யாரு, யாரு பேர்ல இருக்குன்னு கேட்டாங்க. என் சம்சாரம் பேர்லன்னேன். அப்ப அவங்கள வரச் சொல்லுங்கன்னாங்க.

கூட்டிட்டுப் போனேன். இங்கதான் சார் எனக்கு மனசு விட்டுப் போச்சு. என்னை வெளிய உக்காரச் சொல்லிட்டாங்க. என் குடும்பக் கடன், என்னை வெளிய இரும்புச் சேர்ல உக்கார வெச்சுட்டு உள்ள பேசறாங்க. ஒண்ணரை மணி நேரம். கண்ணாடிக் கதவு. சத்தம் வராது, ஆளு தெரியும். தெய்வானை பேசறா. கைய ஆட்டி ஆட்டிப் பேசறா. இருபத்தேழு வருசத்துல அவ அம்புட்டு நேரம் பேசி நான் பாத்ததே இல்ல. நடுவுல ஒரு எடத்துல சிரிக்கறா சார். என்ன சொல்லிச் சிரிச்சாளோ. நாலு லச்சம் கடன் இருக்கறவ சிரிக்கறதுக்கு அதுல என்ன இருக்கு?

பழனி வந்துருச்சா. கூட்டம் ஏறும், பைய உள்ள தள்ளிக்குங்க. இந்தாம்மா, இடிக்காமப் போங்க.

எங்க விட்டேன்? ஆங். அப்புறம் என்னை உள்ள கூப்பிட்டாங்க. மேசை மேல ஒரு தாளு. தெய்வானை எழுத்து. கோடு போட்டு எழுதியிருக்கா. கடன் யார் பேர்ல, எதுக்காக, கட்டுறது யாரு. யார் பேர்லங்கற வரிசையில மேல இருந்து கீழ வரைக்கும் தெய்வானை, தெய்வானை, தெய்வானை. எதுக்காகங்கற வரிசையில வண்டி, கல்யாணம், கியர் பாக்ஸ், கோயில். ஃபேனக் கூட எழுதியிருக்கா சார்! சாமிக்குச் செஞ்சதப் போயிக் கணக்குல எழுதுவாங்களா?

மேடம் சொன்ன யோசனை என்னன்னா, ஆறு மாசத்துக்குப் புதுசா எங்கயும் வாங்கக் கூடாது, ஒத்த ரூபா வாங்கக் கூடாது. அடகுல இருக்கற கொடிய வித்துரணும், வட்டி கட்டியே அதோட வெல போயிட்டு இருக்காம். அப்புறம் ஒவ்வொரு கம்பெனிக்கும் நேர்ல போயி, எங்களால வாரம் இம்புட்டுத்தான் முடியும், டியூவக் கொறைச்சு மாசத்தக் கூட்டிக் குடுங்கன்னு எழுதிக் குடுக்கணும். எழுதி அவங்களே குடுத்தாங்க, நான் கொண்டு போயிக் குடுத்தாப் போதும்.

நான் கேட்டேன், மேடம், எங்களால முடியலைன்னு நான் போயி ஒருத்தன் முன்னால நிக்கணுமா? பதிமூணு வருசம் நாணயமா இருந்திருக்கேன், என் மானம் என்னாவறதுன்னு. அந்தம்மா தெய்வானையப் பாத்தாங்க. தெய்வானை தரையப் பாத்துக்கிட்டு, நான் போறேன் மேடம், எனக்குப் பழக்கம்தான்னா.

போனா. அவளே போனா. நான் பைக்குல கொண்டு போயி எறக்கி விட்டேன். அதச் சொல்லணும்ல, எறக்கி விட்டது நான்தான்.

ஒரு மாசம் ஓடுச்சு. கஷ்டமான மாசம் சார். காலையில கஞ்சி, ராத்திரி கஞ்சி. புதுசா வாங்கக் கூடாதுன்னுட்டதால எங்க கொறைஞ்சாலும் திருப்ப முடியல. எனக்குக் கை கட்டிப் போட்ட மாதிரி இருந்துச்சு. அப்பத்தான் கனகுன்னு ஒருத்தன், நம்ம பய, லோன் வாங்கிக் குடுக்கறவன், ஒரு புதுக் கம்பெனி சொன்னான். முப்பதாயிரம். நேர்ல கூட வர வேணாம், அக்கா கார்டு ஜெராக்ஸும் அவங்க போனுக்கு வர்ற ஓடிபி நம்பரும் போதும்னான். நான் யோசிச்சேன். இத வாங்கி வியாழக்கெழமைக் குழுவ ஒரே அடியா அடைச்சுட்டா, அவ அந்த வாசல்ல போயி உக்கார வேண்டியதில்லை பாருங்க. அதுக்காகத்தான். சத்தியமா அதுக்காகத்தான் சார்.

அவ குளிக்கப் போனா. போன் அடுப்பங்கரையில இருந்துச்சு. நம்பர் வந்துச்சு, சொல்லிட்டேன். அஞ்சு நிமிசம்.

வந்த முப்பதுல பதினெட்டு வியாழக்கெழமைக்குப் போச்சு. அடைச்சுட்டேன்னு சொல்ல முடியாது, பாதி. மிச்சம் பன்னெண்டு... கோயில் திருவிழா நோட்டீஸ்ல ஏற்கனவே என் பேரப் போட்டு அடிச்சுட்டாய்ங்க சார். மொத நாள் மண்டகப்படி, மு. நாச்சிமுத்து குடும்பத்தார்னு. அடிச்சதுக்கப்புறம் இல்லைன்னு எப்படிச் சொல்றது? ஊரு என்ன நெனைக்கும்?

அடுத்த மாசம் தெய்வானை அந்தத் தாள எடுத்துக்கிட்டு மேடத்தப் பாக்கப் போனா. ஆசையாத்தான் போனா, ஒரு கடன் கொறைஞ்சிருக்கும்னு. கம்ப்யூட்டர்ல தட்டினா, ஒண்ணு கூடியிருக்கு. தேதியோட இருக்கு.

வீட்டுக்கு வந்தா. நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். எதுக்க வந்து உக்காந்தா. ஏங்க, என் பேர்ல இன்னொண்ணு எப்படி வந்துச்சுன்னா. உனக்காகத்தான் வாங்கினேன், நீ அந்த வாசல்ல உக்காரக் கூடாதுன்னுதான்னேன். எனக்காக வாங்கினதுல மண்டகப்படி எப்படி வந்துச்சுன்னா. நான் தட்டுல மிச்சமிருந்ததச் சாப்பிட்டு முடிச்சேன். அவ அழுவல. கத்தல. எச்சில் தட்ட எடுத்துட்டுப் போயிக் கழுவி வெச்சா. அப்ப எனக்குப் பயமா இருந்துச்சு சார். உள்ளதச் சொல்றேன், கம்பெனிக்காரன் வந்தப்பக்கூட எனக்கு அந்தப் பயம் வந்ததில்ல.

ஒரு வாரத்துல எல்லாம் முடிச்சுட்டா. வண்டிய வித்துட்டா. அவ பேர்ல இருந்துச்சு, அவ கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சுது, என்னை ஒரு வார்த்தை கேக்க வேண்டியதில்லை பாருங்க. வண்டிக் கடன அடைச்சு, திங்கக்கெழமைக் குழுவ அடைச்சு, கொடிய வித்து, கனகு குடுத்த முப்பதாயிரத்தயும் அடைச்சுட்டா. அப்புறம் மேடமே விசாரிச்சுச் சொன்னாங்களாம், இந்த ஹாஸ்டல்ல ஆள் வேணும், தங்குறதும் சாப்பாடும் போகப் பதிமூணாயிரம்னு. கிளம்பிட்டா. அவ கார்டு, அவ போனு, அவ பேங்க் புக்கு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டா. ஒரு தாலிக் கயிறு, நாலு சேலை. மக கிட்டப் போன்ல சொல்லியிருக்கா, அப்பாவ விட்டுப் போகலடி, என் பேரக் கொஞ்சம் தனியா எடுத்துட்டுப் போறேன்னு. இது என்ன பேச்சு சார்? பேரத் தனியா எடுத்துட்டுப் போக முடியுமா?

இன்னைக்கு இருபத்தஞ்சாவது நாளு.

நான் இப்ப ஆக்டிங் டிரைவர். எவனாச்சும் லீவு போட்டா அவன் வண்டிய ஓட்டுறது. பாதி நாள் வேலை இல்ல. சமைக்கத் தெரியாது. மிளகாத்தூள் எதுல இருக்குன்னு மூணு நாள் தேடினேன், எதுக்கவே இருந்துச்சு. வீட்டுல போயி உக்காந்தா ஒரு சத்தமில்ல. வியாழக்கெழமை காலையில அந்தப் பொம்பளைங்க வாசல் வழியாப் போவாங்க, ஒருத்தி கூட என்னைப் பாக்க மாட்டா. அவ இருந்தப்ப வீட்டுல அவ பேசினதேயில்ல, சரிதான். ஆனாப் பேசாம இருக்கறதுக்கும் ஆளே இல்லாம இருக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு சார்.

அவ இல்லாம எனக்கு முடியல. இத வேற யாருகிட்டயும் சொல்லல. நீங்க உடுமலை தாண்டிப் போற ஆளு, உங்ககிட்டச் சொன்னா என்ன.

அதான் கூட்டியாரப் போறேன். சும்மா போகல. வெறுங்கையோட போயி வாடின்னா வருவாளா? ஒரு வழியோட போறேன். இந்தாங்க, இந்தப் பாரத்தப் பாருங்க. கனகுதான் குடுத்தான். ரெண்டு லச்சம். இருக்கற எல்லாக் கடனயும் இதுல அடைச்சுட்டு, மாசம் ஒரே ஒரு டியூ. ஒரே கடன், ஒரே தேதி. வாரக் குழு கெடையாது, வாசல்ல உக்கார்றது கெடையாது, அவ ஹாஸ்டல்ல கெடக்க வேண்டியதில்லை. கார்டு அவ எடுத்துட்டுப் போயிட்டா, ஆனா நான் முன்னாலயே ஜெராக்ஸ் போட்டு வெச்சிருந்தேன். பாருங்க, பத்துக் காப்பி. போட்டோ நாலு. எல்லாம் ரெடி. அவ கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.

அப்புறம் சாட்சிக் கையெழுத்து ஒண்ணு. இந்தா, இந்தக் கட்டம். உங்க பையில பேனா இருக்கு, ஏறினப்பவே பாத்தேன். உங்களப் பாத்தா கவர்மெண்டு வேலை மாதிரி இருக்கு. உங்களுக்கு ஒண்ணும் வராது சார். சும்மா சாட்சி. பேரும் ஊரும் எழுதி ஒரு கையெழுத்து. அவ இன்னும் போடலையேன்னு பாக்காதீங்க, போட்டுருவா. என்னைக்குப் போடாம இருந்திருக்கா?

யோசிங்க, யோசிங்க. அவசரமில்ல.

இருங்க சார், போன் அடிக்குது. அவதான்! நானாப் பண்ணா எடுக்க மாட்டா, அவளாப் பண்றா பாருங்க. சொன்னேன்ல?

தெய்வானை? ஆமா, பஸ்ல இருக்கேன். உடுமலை வரப் போகுது. யாரு சொன்னது, மகளா? ஆமா, உன்னைப் பாக்கத்தான். சாப்பிட்டேன். சாப்பிட்டேன்னு சொல்றேன்ல. இல்ல, கஞ்சி. சரி. சரி. என்ன? யாருக்கு? எனக்கா? என்னோடதா? இல்ல, எடுத்துட்டு வரல. எனக்கு எப்படித் தெரியும் அது எங்க இருக்குன்னு? பொட்டியிலயா? எந்தப் பொட்டி? சரி. நோட்டீசுக்கு அடியில. சரி. இன்னைக்கே வந்துட்டுப் போறேனே, வழியெல்லாம் வந்துட்டேன். தெய்வானை, ஒண்ணே ஒண்ணு, ஒரு பாரம்... இல்ல. ஒண்ணுமில்ல. சரி. வெக்கறேன். சரி, வெக்கறேன்.

வெச்சுட்டா.

காலேஜ் பஸ்ஸுக்கு டிரைவர் வேணுமாம் சார். எனக்காகச் சொல்லி வெச்சிருக்கா. பதினாறாயிரம். பின்னால ஒரு ரூம் குடுப்பாங்களாம், ரெண்டு பேரும் இருந்துக்கலாமாம். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஆபீசுல நிக்கணுமாம். ஆனா என் ஆதார் கார்டும் என் பேங்க் புக்கும் இல்லாம வரக் கூடாதுங்கறா. சம்பளம் என் பேர்ல ஏறணுமாம், மிச்சமிருக்கற மாசக் குழுவுக்கும் வியாழக்கெழமைக்கும் என் கணக்குல இருந்தே எடுக்கற மாதிரி எழுதிக் குடுக்கணுமாம். அது ரெண்டும் பொட்டியில கோயில் நோட்டீஸ்கட்டுக்கு அடியில இருக்காம். அங்கதான் வெச்சுட்டு வந்தேன், நீங்க பாப்பீங்கன்னு நெனைச்சேங்கறா. அந்தக் கட்ட எடுத்து மேலாப்புல இருக்கற என் பேர நான் தெனம் படிக்கறேன் சார். அடியில பாக்கல.

இந்தப் பையில இருக்குமான்னு பாக்கறேன். இது அவ கார்டு. இதுவும் அவளது. இது அவ போட்டோ. இதுவும், இதுவும். பத்துக் காப்பியும் அவதான். சார், என்னோடதுன்னு இதுல ஒண்ணுமே இல்ல சார்.

இந்தப் போட்டோவப் பாருங்க. பாரத்துக்கு எடுத்தது. சிரிக்கக் கூடாதும்பான் ஸ்டுடியோக்காரன். நாலுலயும் சிரிக்கல. அவ சிரிச்சு நான் கடைசியாப் பாத்தது அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளிய இருந்துதான்.

பேனாவ உள்ள வெச்சுக்குங்க சார். வேணாம். இந்தப் பாரத்த நான் மடிச்சு வெச்சுக்கறேன். கிழிக்கணும். வீட்டுல போயிக் கிழிக்கறேன், பஸ்ஸுல குப்பை ஆகும்.

உடுமலை வந்துருச்சு. நான் இங்கயே எறங்கித் திரும்பிப் போகணும். எடுத்துக்கிட்டு விடிய மொத பஸ்ஸப் பிடிச்சாத்தான் பத்து மணிக்கு அங்க நிக்கலாம். கண்டக்டரே, ஒரு ஆள் எறங்கணும், நிப்பாட்டுங்க.

சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. என்கிட்ட எட்டு ரூபாதான் இருக்கு, சொன்னேன்ல. இங்க இருந்து ஒட்டன்சத்திரம், அங்க இருந்து நாளைக்கு இம்புட்டு தூரம் மறுபடியும். நூத்தி முப்பது ரூபா வேணும். அவகிட்டப் போன் பண்ணிக் கேட்டாப் போட்டு விடுவா. கேக்க மனசு வரல.

இல்ல சார், சும்மா குடுக்காதீங்க. போகுது விடுங்கன்னு சொல்லாதீங்க. அந்தப் பேனாவ எடுங்க. கடனாத்தான் வாங்குறேன். மு. நாச்சிமுத்து, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டு. நூத்தி முப்பது. உங்க நம்பரச் சொல்லுங்க, மொத சம்பளத்துல அனுப்பிருவேன்.

என் பேர்லயே எழுதிக்குங்க.